எங்கள் கடையில் விரதம் பிடித்தவர்கள்

ஜூஸ் கடைக்குத் தாகத்தோடு வருகிறவர்கள் பாதிப் பேர்தான். மற்றப் பாதி தங்கள் உடம்போடு கோபித்துக்கொண்டு வருகிறவர்கள். முதல் வகை ஒரு கிளாஸ் குடித்துவிட்டு ஏப்பம் விட்டபடி போய்விடும். இரண்டாம் வகைதான் நம் உயிரை வாங்கும். உங்களில் யாராவது ஜூஸ் கடை வைத்திருந்தால், அல்லது என்றாவது ஒரு திங்கட்கிழமை காலையில் சோற்றுப் பானையைப் பார்த்து "இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை" என்று சபதம் எடுத்திருந்தால், நான் சொல்லாமலே விளங்கும். மற்றவர்கள் பொறுமையாக வாசியுங்கள். உங்களுக்கும் ஒரு திங்கட்கிழமை வரும்.

எங்கள் கடை மட்டக்களப்பு டவுனில் வாவியைப் பார்த்தபடி இருக்கிறது. கடை என்றால் எங்கள் வீட்டின் முன் விறாந்தை. எங்கள் வீடு என்று பழக்கத்தில் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து சேருவார். நான் கொண்டுவந்த சூட்கேஸ் இன்னமும் அலுமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடந்தது. ஆகவே வீடு என் மனைவி புவனாவுடையது, விறாந்தை அவளுடையது, கடை போடும் யோசனையும் அவளுடையது. லண்டனில் இருக்கும் அவள் தம்பி, அதாவது என் மச்சான், பழத்தைச் சூடாக்காமல் மெல்லப் பிழிகிற ஒரு மெசினை அனுப்பிவைத்தான். கூடவே ஒரு வீடியோவும் அனுப்பினான். அதில் ஒரு வெள்ளைக்காரர் சோறு தண்ணியை விட்டு, பழச்சாறும் மரக்கறிச் சாறும் மட்டும் குடித்து உடம்பில் உள்ள எல்லா வருத்தத்தையும் விரட்டிக்கொண்டிருந்தார். புவனா அதைப் பார்த்த கிழமையே கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது: "ஜூஸ் விரதம் பிடிப்பவர்களுக்குத் தனிக் கவனிப்பு."

அவள் ஏன் அதை அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்திருந்து கடைசியில் எடுத்து நீட்டுகிற ஆள் நான் இல்லை. அவளுக்கு வயிற்றில் ஒரு கட்டி. டொக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, வெட்டி எடுத்தால் தப்பலாம், ஆனால் சுணங்கக் கூடாது என்றார். புவனாவின் சின்னம்மா ஒருத்தி கொழும்பில் ஒபரேசன் செய்து பெட்டியில் ஊருக்கு வந்தவள். அன்றிலிருந்து "கத்தி பட்டா பரவிடும்" என்பது புவனாவுக்கு வேதம். முதலில் ஜூஸ் விரதம் பிடிப்பேன், கட்டி கரையும், கரையாவிட்டால் பிறகு கத்தியைப் பற்றிக் கதைக்கலாம் என்றாள். கெஞ்சினேன், சண்டை பிடித்தேன், கோபித்துக்கொண்டு நானும் ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். பட்டினி கிடக்கிறவளுக்கு முன்னால் பட்டினி கிடந்து என்ன காரியம் ஆகப்போகிறது? எங்கள் கடையின் முதல் விரதக்காரி அவள்தான். கீழே வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்குப் பிறகு சேர்ந்தவர்கள்.

காப்புக் கட்டின போடியார்

போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய வயற்காரர். வவுணதீவுப் போடியாருக்கு வட்டையில் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். அறுவடை முடிந்து கை ஓய்ந்த நேரம் பார்த்து, சீனி வருத்தத்துக்கும் பிரசருக்கும் ஒரு வழி பண்ண வேண்டும் என்று மகள் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் விறாந்தையில் இருத்தினாள். டொக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. புவனா பீட்ரூட், வல்லாரை, பாகற்காய் என்று வரிசையாக விளக்கினாள். போடியார் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காப்பு எப்ப கட்டுற?"

அவருக்குத் தெரிந்த விரதம் கந்தசஷ்டி. காப்புக் கட்டித் தொடங்க வேண்டும், தண்ணியோ இளநீரோ குடித்துக்கொண்டு கிடக்க வேண்டும், சூரன்போர் பார்க்க வேண்டும், மறுநாள் வெள்ளென முழுகிப் பாரணை போட வேண்டும். வேறு விதமாகவும் ஒரு மனிதன் சாப்பிடாமல் இருக்கலாம் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. நல்ல நாள் பார்த்து, கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு வந்து, பீட்ரூட் சாற்றைக் கிழக்கே பார்த்துக் குடித்தார். முடிக்கும்போது முதலில் கஞ்சி, பிறகு குழைந்த சோறு, மெல்ல மெல்லத்தான் என்று புவனா படித்துப் படித்துச் சொன்னாள். அவரும் தலையை ஆட்டினார். ஆனால் பாரணை என்றால் பாரணைதான். விடியக்காலை முழுகி, வாழையிலை போட்டு, பச்சையரிசிச் சோறு, பருப்பு, நெய், கத்தரிக்காய், பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், தயிர், பாயசம் என்று வீடே கூடிச் சமைத்ததை ஒரே இருப்பில் முடித்திருக்கிறார். மத்தியானம் வான் பிடித்து ஆசுபத்திரியில் கொண்டுவந்து போட்டார்கள்.

பார்க்கப் போனேன். காப்பு நூலுக்குப் பக்கத்திலேயே ஊசி ஏற்றியிருந்தார்கள். என் கையில் இருந்த தோடம்பழச் சாற்றுப் போத்தலைக் கண்டதும் போடியார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மூடின கண்ணோடேயே சொன்னார்:

"மனே, முருகனுக்கு வருசா வருசம் பிடிக்கிறன், ஒரு தடிமன் கூட வந்ததில்ல. உன்ட பீட்ரூட்டுக்கு ஒருக்காப் பிடிச்சன், சேலைன் ஏத்திப்போட்டானுகள்."

முழுதாகக் காட்டாத மாப்பிள்ளை

தேற்றாத்தீவிலிருந்து கோகுலா என்றொரு பிள்ளை தாயோடு வந்தது. நல்ல உறுதியான பிள்ளை. நெல் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மில்லுக்குப் போய்வரக்கூடிய உடம்பு. கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை சுவிஸில். போனில் முகம் பார்த்துத்தான் கதை. ஒரு நாள் மாப்பிள்ளை, கொஞ்சம் தள்ளி நின்று முழு ஆளையும் காட்டும்படி கேட்டிருக்கிறார். பிள்ளையும் வெட்கப்பட்டுக்கொண்டு காட்டியிருக்கிறது. அவர் பார்த்துவிட்டு, "கொஞ்சம் குறைஞ்சா நல்லம்" என்றாராம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அதனால் முடிந்தமட்டும் குறைப்பது என்று தீர்மானித்து எங்களிடம் வந்துவிட்டார்கள்.

வெள்ளரிக்காயும் பாகற்காயும் பப்பாசியுமாகப் போனது அதன் நாள். தாய் பக்கத்துக் கதிரையில் இருந்து, மகள் ஒரு மிடறு விழுங்கும்போதெல்லாம் தானும் எச்சிலை விழுங்குவார். கன்னம் ஒட்டியது, கழுத்தெலும்பு எழும்பி நின்றது. ஒரு காலை பஸ்ஸில் மயங்கி விழுந்துவிட்டது. கண்டக்டர் தாங்கிக்கொண்டு வந்து எங்கள் விறாந்தையில் கிடத்திவிட்டுப் போனார். நான் தேத்தண்ணியும் பணிசும் கொடுத்தேன். புவனா என்னை முறைத்தாள். பிள்ளை பணிசைத் தின்றுவிட்டு விம்மி விம்மி அழுதது. தின்றதற்காக அழுததா, இன்னொன்று கேட்க முடியாமல் அழுததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கலியாணத்துக்கு இரண்டு பேரும் போனோம். புவனா தன் போத்தலைக் கைப்பையில் கொண்டுவந்தாள். மணவறையில் ஏறும்போது மாப்பிள்ளையைத் தோழர்கள் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. உட்கார்ந்தபோது பலகை முனகியது எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. அவருக்குப் பக்கத்தில் நம்ம கோகுலா, சுவரில் சாத்தி வைத்த தும்புத்தடி மாதிரி. படம் எடுக்க நாங்கள் ஏறியபோது, மாலைக்குள் இருந்து என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னது:

"அண்ணே, போனில அவர் முகத்த மட்டும்தானே காட்டினவர்."

லியோ அங்கிளின் சின்னக் கிளாஸ்

லியோ அங்கிள் பறங்கியர். எங்கள் தெரு முனையில் ஓடு போட்ட பழைய வீட்டில் தனியே இருந்து மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். மனைவி டொலி அன்ரி வயிற்று வருத்தத்தில் போன பிறகு பின்னேரங்களில் அவருக்குச் சாராயம்தான் துணை. தவக்காலத்தில் மட்டும் தொடமாட்டார். இந்த முறை, நெற்றியில் பூசின சாம்பலோடு கோயிலிலிருந்து நேரே எங்கள் கடைக்கு வந்தார். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் சாராயமும் இல்லை, இராச் சாப்பாடும் இல்லை, உங்கள் ஜூஸ்தான் என்றார்.

சாராயம் குடிக்கிற அதே நேரத்துக்கு வருவார். பெரிய கிளாசில் கொடுத்தால் கோபம் வரும். சின்னக் கிளாஸ்தான் வேண்டும். கரட் சாற்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, ஒரே மூச்சில் ஊற்றி, முகத்தைச் சுளித்து, புறங்கையால் வாயைத் துடைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட அன்னாசித் துண்டு ஒன்றைக் கடிப்பார். கரட் சாற்றுக்கு முகம் சுளித்த வேறொரு மனிதரை நான் கண்டதில்லை. புவனா எதிர்க் கதிரையில் இருந்து தன்னுடைய கிளாசைக் குடிப்பாள். இரண்டு பேரும் வாவியில் போகிற தோணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் கிளாசைத் தூக்கும்போது வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தடங்கலில்லாமல் இறங்கும். அதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். லியோ அங்கிள் பார்த்தார்.

ஒரு பின்னேரம் புவனா உள்ளே போனதும், கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். கிறீஸ் மணக்கிற கை. குரலைத் தணித்துச் சொன்னார்:

"தம்பி, உன்ட சரக்கில ஒரு குறை இரிக்கு. எவ்வளவு குடிச்சாலும் டொலி செத்தது மறக்குதில்ல. நீயும் எண்ட கதிரைக்கு வந்திடாத. அவளத் தூக்கிக்கொண்டாவது ஆசுபத்திரிக்குப் போ."

ஹாஜியாரின் கேள்வி

எங்களுக்குப் பழம் போடுகிறவர் ஒரு ஹாஜியார். சிறிய லொறியில் அன்னாசியும் கொடித்தோடையும் கரட்டும் கொண்டுவந்து இறக்குவார். இந்த முறை தவக்காலமும் அவர்களுடைய நோன்பும் ஒன்றாக வந்தன. ஆகவே எங்கள் விறாந்தையில் சாப்பிடுகிறவன் நான் ஒருவன்தான். குசினிக்குள் போய்க் கள்ளன் மாதிரித் தின்றுவிட்டு வருவேன்.

நல்ல வெயில். ஹாஜியார் வாயில் ஒரு சொட்டுத் தண்ணி படாமல் அன்னாசிப் பெட்டியைத் தோளில் கொண்டுவந்து வைத்தார். புவனாவுக்கு அன்று ஒரு உசார். "ஹாஜியார், நானும் நோன்புதான் தெரியுமோ" என்றாள். அவர் சிரித்துக்கொண்டு, எத்தனை மணிக்கு நோன்பு திறப்பீங்க என்று கேட்டார். "கட்டி கரைஞ்ச உடனே" என்றாள் புவனா. அவருக்கு அதுவரைக்கும் ஒன்றும் தெரியாது. என்னைப் பார்த்தார். நான் பெட்டியில் இருந்த அன்னாசியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அவர் லொறியில் ஏறப் போனவர், திரும்பி வந்தார்:

"தங்கச்சி, சுகமில்லாத ஆளுக்கு எங்கட மார்க்கத்தில நோன்பு கடமையில்ல. மருந்து எடுத்துச் சுகமாகி, மறுகா பிடிக்கலாம். நீங்க யாருக்குப் பயந்து பிடிக்கிறீங்க?"

புவனா அன்று பிழிந்த சாற்றில் பாதியை வாழைக்கு ஊற்றினாள். எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. மறுநாள் காலையில் மெசின் வழக்கம்போல் ஓடியது.

திருகாணி

இந்த இடத்தில் நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். மெசினின் அடியில் இருந்த திருகாணி ஒன்றைக் கழற்றிச் சேர்ட் பையில் போட்டுக்கொண்டு, மெசின் பழுதாகிவிட்டது, லண்டனிலிருந்துதான் சாமான் வர வேண்டும் என்றேன். மெசின் நின்றால் விரதம் நிற்கும், விரதம் நின்றால் புத்தி வரும் என்பது கணக்கு. மச்சானுக்கும் போன் எடுத்து, உன் அக்காவுக்கு நீயாவது சொல் என்றேன். அவன் அங்கே வேலைக்குப் போகிற அவசரத்தில் ரொட்டி கடித்தபடி, கட்டாயம் சொல்கிறேன் அத்தான் என்றான். சொன்னான்தான். அவள் ஏசின ஏச்சில் போனை வைத்துவிட்டான்.

புவனா என்னோடு சண்டைக்கு வரவில்லை. கரட்டையும் இஞ்சியையும் அம்மியில் வைத்துத் தட்டி, வெள்ளைத் துணியில் போட்டுப் பிழிந்தாள். பிழிய அவள் கையில் பலம் இல்லை. துணியின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். நானும் முறுக்கினேன். வேறு என்ன செய்வேன்? முறுக்கி முடித்ததும் என் சேர்ட் பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"திருகாணி மெசினுக்குத்தான் வேணும். எனக்கு வேணாம்."

பழைய படமும் புதுப் படமும்

இனி எழுதப்போவதுதான் எனக்குச் சொல்லக் கூசுவது. மெசின் ஓடாவிட்டாலும், துணியில் பிழிந்தே எங்கள் வியாபாரம் நன்றாக நடக்கத் தொடங்கியது. பழைய புவனாவை டவுனில் எல்லாருக்கும் தெரியும். கோயில் திருவிழாவில் அவள் வந்தால் நெரிசலில் தானாக வழி விடுவார்கள். அப்படி ஒரு ஆள். இப்போது அவளுடைய சட்டைகளை ஒடுக்கி ஒடுக்கித் தைத்துத் தையல்காரி அலுத்துப்போனாள். சனம் அவளைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் இடித்துக் காட்டியது. பேங்கில் வேலை செய்கிற பெண்கள், கந்தோர் ஐயாமார், பிரசவத்துக்குப் பிறகு உடம்பு வைத்தவர்கள், எல்லாரும் வந்து "அவ குடிக்கிறதையே எனக்கும் தாங்க" என்றார்கள்.

நான் உண்மையைச் சொன்னால் புவனாவுக்குப் பிடிக்காது. வீட்டு விசயத்தை ஊருக்குச் சொல்கிறாய் என்பாள். சொல்லாவிட்டால் என் நெஞ்சு வேகும். ஒவ்வொரு கிளாசுக்கும் துணியை முறுக்கினது நான்தான். பேங்க் பெண் ஒருத்தி, நல்ல மனதோடுதான், வியாபாரத்துக்கு ஒரு யோசனை சொன்னாள்:

"அக்கா, உங்கட பழைய படத்தையும் இப்பத்தைய படத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சு முன்னுக்கு மாட்டுங்க. சனம் அள்ளும்."

அலுமாரிக்கு மேல் இருந்த சூட்கேஸ்

ஒரு சனிக்கிழமை தாயும் மகளும் வந்தார்கள். மகள் ஏ.எல். படிக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாரோ உருண்டை என்று கூப்பிட்டார்களாம். உருண்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. வயசுக்கு ஏற்ற கன்னம் இருந்தது, அவ்வளவுதான். தாய் சொன்னார், பிள்ளை கொஞ்ச நாளாக ஒன்றுமே தின்பதில்லை, இனி முறையாகவே விரதம் பிடிக்கட்டும் என்று கூட்டிக்கொண்டு வந்தேன் என்று. பிள்ளை புவனாவை மேலும் கீழும் பார்த்தது. கோயிலில் சாமியைப் பார்க்கிற பார்வை. "எனக்கு அன்ரியப்போல வரணும்" என்றது.

புவனா கையில் இருந்த பிழிதுணியைக் கீழே வைத்தாள். வாசலுக்கு வந்து, பிள்ளையின் கையைப் பிடித்து, தன் சேலையை விலக்கி வயிற்றில் வைத்தாள். "அமத்திப் பார்" என்றாள். பிள்ளை அமத்தியது. பிறகு கையைச் சுட்டது மாதிரி இழுத்துக்கொண்டது. "என்னை மெலிய வச்சது இது. ஜூஸ் இல்ல. இது வேணுமா உனக்கு?" என்று கேட்டாள் புவனா. தாய் மகளை இழுத்துக்கொண்டு படியிறங்கினார். தெருவில் போகும்போது அந்தப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. புவனா கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, வாசல் பலகையைக் கழற்றினாள். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் இறங்கும்போது தாங்கினேன். கையில் பாரமே இல்லை.

கட்டி கரையவில்லை, வளர்ந்திருக்கிறது என்பது அவள் கைக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு ஆளுக்குத் தொட்டுக் காட்டும் வரைக்கும் அவள் அதைத் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. பின்னேரம் அறைக்குள் இருந்து கூப்பிட்டாள். இரண்டு சேலையும் துவாயும் கட்டிலில் மடித்து வைத்திருந்தாள். அலுமாரியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அந்தச் சூட்கேச இறக்குங்க. உங்களக் கொண்டுவந்ததுதானே, என்னையும் ஒருக்காக் கொண்டுபோகட்டும்."

குடுத்து வச்சவ

ஒபரேசன் நடந்தது. நடந்தது என்றால், திறந்து பார்த்தார்கள், மூடினார்கள். கட்டி அங்கங்கே பரவிவிட்டது, எடுக்க முடியவில்லை என்றார் டொக்டர். அவர் ஏசவில்லை. முந்தி வந்திருக்கலாமே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என்னிடம் பதில் இருந்தது. அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், இனிச் சாப்பாடு என்ன மாதிரி, உப்பு, எண்ணெய், மீன் எல்லாம் எப்படி என்று. அவர் என் தோளில் கை வைத்து, "விருப்பமானதக் குடுங்க, ஐயா. ஒரு கட்டுப்பாடும் இல்ல" என்றார். ஆசுபத்திரி விறாந்தையில் வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த யாரோ எனக்குத் தண்ணி தந்தார்கள்.

வார்ட்டுக்குள் போய் அவளிடம், எல்லாம் சாப்பிடலாமாம் என்றேன். சிரித்த முகமாகத்தான் சொன்னேன். புவனா என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருசம் அந்த முகத்தோடு குடித்தனம் நடத்தினவள். "அப்ப சரி" என்றாள். "வீட்ட போய் நண்டு வாங்குங்க."

வாவி நண்டு, நல்ல சதைப்பிடிப்பானது, தோணியடியில் நின்று வாங்கினேன். முருங்கையிலை போட்டு நானே சமைத்தேன். அவள் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, உப்புக் காணாது, தேசிக்காய் பிந்திப் போடு என்று அங்கிருந்தே கட்டளை போட்டாள். சோற்றைக் குழைத்து ஊட்டினேன். இரண்டு வாய் தின்றாள். மூன்றாவதை மெல்லவே பொழுது போனது. மெசினுக்கு மேல் ஒரு துணி போட்டு மூடியிருந்தது. திருகாணி இன்னும் என் சேர்ட் பையில்தான் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து வவுணதீவுப் போடியார் வந்தார். தன் வயலில் விளைந்த அரிசி ஒரு பை, நோயாளியைப் பார்க்க வந்தவர் கையில். சேலைன் ஏறின நாளிலிருந்து டொக்டர் அவரைப் பிடித்த பிடியில் வைத்திருக்கிறார். சோறு அளவுதான், உப்பு இல்லை, இனிப்பைக் கண்ணால் காணக் கூடாது. புவனாவின் மடியில் இருந்த சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். நண்டுக் காலைப் பார்த்தார். சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடு ஒன்றும் இல்லையா என்று கேட்டார். இல்லை, டொக்டரே எல்லாம் சாப்பிடச் சொல்லிவிட்டார் என்று புவனாதான் சொன்னாள். போடியாரின் முகம் மலர்ந்துவிட்டது. பெரிய பாரம் இறங்கினவர் மாதிரி அரிசிப் பையைக் கீழே வைத்து, என் முதுகில் தட்டினார்:

"எல்லாம் தின்னலாமெண்டு டொக்டரே சொல்லிட்டானா? பிறகென்ன மனே, சுகம்தானே! எனக்கு இண்டைக்கும் உப்புமில்ல புளியுமில்ல. இவ குடுத்து வச்சவ!"

புவனா சிரித்தாள். எனக்காகத்தான் சிரித்தாள் என்று நினைக்கிறேன். நானும் சிரித்து, போடியாருக்குச் சீனி போடாத தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனேன். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டு, தண்ணி கொதித்த பிறகு வெளியே வந்தேன்.

இந்தத் தொழிலில் இருந்து நான் கற்றுக்கொண்டதைக் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன்: அதைத் தின்னாதே, இதைத் தொடாதே என்று உங்கள் டொக்டர் இன்னமும் உங்களை ஏசிக்கொண்டிருந்தால், வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போங்கள்.